தூளியின் நீளத்தில் ஒரு தாளம்

திருமலையில் ஏழுமலையானுக்கு நாள் ஒரு பாட்டில் விடிந்து இன்னொரு பாட்டில் முடிகிறது. விடியுமுன் சுப்ரபாதம். பதினைந்தாம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராச்சாரியார் இயற்றியது. அதன் முதல் சுலோகம் மட்டும் வால்மீகியிடமிருந்து வந்தது: தூங்கிக்கொண்டிருக்கும் சிறுவன் இராமனை விசுவாமித்திரர் எழுப்பும் இடம். ஆக, அவ்வளவு பெரிய கோயிலின் நாள் தொடங்குவது ஒரு பிள்ளையை எழுப்பும் பாட்டில். நடை சாத்துமுன் ஏகாந்த சேவை. போக ஸ்ரீனிவாசர் திருமேனியைச் சங்கிலிகளில் தொங்கும் கட்டிலில் கிடத்துவார்கள். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் வம்சத்தவர் தாலாட்டுப் பாடுவார்கள். மார்கழியில் மட்டும் காலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை. இரவில் கட்டிலில் கண்ணன்.

மலைக்குக் கீழே, திருப்பதியிலும் சித்தூரிலும் புத்தூரிலும் நகரியிலும், வீட்டுக்கு வீடு இதே ஏற்பாடு சின்ன அளவில் நடக்கிறது. எழுப்ப ஒரு பாட்டு, குளிப்பாட்ட ஒன்று, சோறூட்ட ஒன்று, தூங்கவைக்க ஒன்று. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர்கள் இவை. அப்பாவைப் பெற்றவள் 'ஜோ ஜோ' என்பாள், அம்மாவைப் பெற்றவள் 'ஆராரோ' என்பாள், பிள்ளை இரண்டுக்கும் தூங்கும். நாலைந்து ஸ்வரம், இருபது நொடி நீளம், சங்கீதம் தெரியாத குரல். இவ்வளவு எளிய ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பௌதிகம் இருக்கிறது, உடற்கூறு இருக்கிறது, பழைய தமிழ் இலக்கணம்கூட இருக்கிறது.

முதலில் தூளி. உத்தரத்தில் புடவையைக் கட்டித் தொங்கவிட்டால் அது ஓர் ஊசல். ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது. உத்தரத்திலிருந்து குழந்தை கிடக்கும் இடம்வரை 2 மீட்டர் இருந்தால் போய் வர சுமார் 2.8 நொடி, ஒன்றரை மீட்டர் என்றால் ஏறக்குறைய 2.5 நொடி. பாட்டி எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. வேகமாகத் தள்ளினால் தூளி இன்னும் தூரம் போகுமே தவிர, சீக்கிரம் திரும்பாது. அடுப்பில் பால் பொங்குகிறது என்பதெல்லாம் தூளிக்குத் தெரியாது. தூளியை ஆட்டிக்கொண்டே பாடுகிறவர் அந்த வீச்சோடு சேர்ந்துதான் பாடியாக வேண்டும். அதனால், பாட்டின் தாளத்தை நிர்ணயிப்பது பாடுகிறவரின் மனநிலையைவிட வீட்டு உத்தரத்தின் உயரம்.

ஊசலில் இன்னொரு விசித்திரமும் உண்டு. எடை கூடினாலும் வேகம் மாறாது. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிவிடும். ஆனால் அதே தூளி, அதே உத்தரம் என்றால் அதே தாளம். புடவை கொஞ்சம் இழுபட்டு ஓரிரு அங்குலம் நீளலாம். காதுக்கு அது எட்டாது. கைக்குழந்தையின் நாடி நிமிடத்துக்குச் சுமார் 130 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2 மீட்டர் தூளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேருவதற்குள் அந்தச் சின்ன இதயம் மூன்று முறை துடித்திருக்கும். படபடக்கும் ஓர் உடலுக்கு வெளியே, மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், மாறாத ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தாளத்தை உடல் இரண்டு வாசல்கள் வழியே வாங்கிக்கொள்கிறது. இரண்டும் காதுக்குள்தான். உட்செவியில் நத்தைக் கூடுபோலச் சுருண்ட காக்ளியா ஒலியைக் கேட்கிறது. அதை ஒட்டியே, அதே எலும்பறைக்குள், அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. அதற்குள் செவிக்கற்கள் என்ற நுண்ணிய படிகங்கள்; சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். தலை அசைந்தால் இந்தக் கற்கள் ஒரு பாகுப்படலத்தோடு சற்றே சரியும். அடியில் உள்ள நுண்மயிர்கள் வளையும். மூளைக்குச் செய்தி போகும். தூளியில் கிடக்கும் பிள்ளை தாலாட்டைக் காக்ளியாவால் கேட்கிறது, அதே தாளத்தைச் செவிக்கற்களால் உணர்கிறது. அடுத்தடுத்த அறைகளிலிருந்து இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுக்கிறார்கள்.

அசைவு கேட்டலையே மாற்றிவிடும் என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா பிலிப்ஸ்-சில்வர், லாரல் டிரெய்னர் இருவரும் 2005-இல் காட்டினார்கள். ஏழு மாதக் குழந்தைகளுக்கு எந்த இடத்திலும் அழுத்தம் இல்லாத ஒரு தாளத்தைப் போட்டார்கள். சில குழந்தைகளை ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் ஏந்திக் குதிக்கவைத்தார்கள், மற்றவர்களை ஒவ்வொரு மூன்றாவது அடிக்கும். மொத்தம் இரண்டு நிமிடம். பிறகு அழுத்தம் சேர்த்த தாளங்களை ஒலிக்கவிட்டபோது, ஒவ்வொரு பிள்ளையும் தன் உடல் குதித்த தாளத்தையே அதிக நேரம் கேட்டது. சும்மா வேடிக்கை பார்த்த பிள்ளைகளிடம் இந்த விளைவு இல்லை. பிள்ளையை முழங்காலில் உட்காரவைத்து, பாட்டுக்கு ஏற்ப ஆட்டும் தாத்தா, அந்தப் பிள்ளைக்கு ஆதியையும் ரூபகத்தையும் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறார். தாத்தாவுக்கு அது தெரியாது.

தாய்க்கும் தெரியாத ஒரு திறமை தாயிடம் இருக்கிறது. 2002-இல் டோன்யா பெர்ஜிசன், சாண்ட்ரா டிரெஹுப் என்ற இரு ஆய்வாளர்கள், தாய்மார் தங்கள் குழந்தைக்குப் பாடும் பாட்டை ஒருநாள் பதிவுசெய்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே பாட்டை மறுபடி பாடச் சொன்னார்கள். கையில் தம்பூராவும் இல்லை, சுருதிப்பெட்டியும் இல்லை. ஆனாலும் சுருதி மாறிய அளவு அரை ஸ்வரத்துக்கும் குறைவு. வேகம் மாறியது ஏறக்குறைய 3 சதவீதம்: ஒரு நிமிடப் பாட்டில் இரண்டு நொடிகூட இல்லை. சாதாரணத் தாய்மார் இவர்கள். கச்சேரி மேடையில் இதைச் செய்தால் கைதட்டுவோம். கொல்லைப்புறத்தில் செய்தால் 'என்னமோ முணுமுணுத்துக்கிட்டு இருக்கா' என்கிறோம்.

இந்த மாறாத தன்மைதான் பிள்ளைக்கு வேண்டியது. பேச்சில் குரல் ஏறி இறங்கி வழுக்கிக்கொண்டே போகும். அடுத்த கணம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பாட்டில் குரல் படிக்கட்டில் நிற்கிறது. நேற்று நின்ற அதே படிகளில் இன்றும் நின்றால், அடுத்தது எது என்பதை மூளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நினைத்தது நடக்கும் இடத்தில் பயம் குறையும்.

எவ்வளவு குறையும்? மான்ட்ரியலில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நிமிடக் கணக்கில் அளந்தது. ஏழு முதல் பத்து மாதக் குழந்தைகளை உட்காரவைத்து, பெற்றோரைப் பார்வைக்குப் பின்னால் இருக்கச் செய்து, ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். கொஞ்சல் பேச்சைக் கேட்ட குழந்தைகள் சுமார் நான்கு நிமிடத்தில் அழத் தயாரானார்கள். பாட்டைக் கேட்டவர்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். அந்தப் பாட்டுகளோ துருக்கி மொழியில். அந்தக் குழந்தைகள் யாரும் அதுவரை கேட்டறியாத மொழி. நான்குக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஐந்து நிமிடம்: ஒரு குக்கரை இறக்கிவைத்துவிட்டு வரப் போதுமான நேரம்.

ஹார்வர்டில் 144 குழந்தைகளிடம் செய்த இன்னொரு சோதனை 2021-இல் வந்தது. அதில் ஹோப்பி, ஸ்காட்லாந்தின் கேலிக் போன்ற மொழிகளின் தாலாட்டுகள். தாலாட்டைக் கேட்டபோது குழந்தைகளின் இதயத்துடிப்பு மற்ற பாட்டுகளைக் கேட்டபோது இருந்ததைவிடக் குறைந்தது. எங்கோ வட அமெரிக்கப் பாலைவனத்து ஹோப்பித் தாய் ஒருத்தி பாடியது அமெரிக்க நகரத்துப் பிள்ளையின் நாடியில் கை வைக்கிறது என்றால், சித்தூர் வீடுகளில் 'ஜோ ஜோ'வும் 'ஆராரோ'வும் சண்டையில்லாமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

பழக்கம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. ஆறாவது மாதவாக்கில் கருவின் காக்ளியா ஒலிக்கு அசைந்துகொடுக்கத் தொடங்கும். வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் கீச்சு ஒலிகளை வடிகட்டிவிடும். மெய்யெழுத்துகள் மங்கும், மெட்டும் நடையும் உள்ளே போகும். ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஒரு குழந்தைப் பாட்டைத் தாய்மாரை அடிக்கடி ஒலிக்கவிடச் செய்தார்கள். பிறந்தவுடனும் நாலு மாதத்திலும் அந்த மெட்டுக்கு அக்குழந்தைகளின் மூளை அலைகள் மற்றக் குழந்தைகளின் அலைகளைவிட வலுவாக எழும்பின. பிள்ளைக்குத் தாய் பாடும் முதல் தாலாட்டு அதற்கு முதல் தாலாட்டே இல்லை.

இனி விளையாட்டுக்கும் அன்றாட வேலைக்கும் வருவோம். இங்கேதான் நம் பழைய ஆட்கள் திகைக்கவைக்கிறார்கள். பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடிய பதிகங்களின் வரிசையைப் பாருங்கள்: தொட்டில், நிலாவைக் கூப்பிடுதல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, ஓடிவந்து அணைத்தல், பின்னாலிருந்து கட்டிக்கொள்ளல், அப்பூச்சி காட்டிப் பயமுறுத்தல், பால் குடிக்க அழைத்தல், காது குத்தல், நீராட்டல், தலை வாரல், பூச்சூட்டல், அந்தியில் காப்பிடல். பக்தியை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்தால் இது ஒரு தாயின் வேலைப்பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பாட்டு. தலை வாரும் பதிகத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது: குழல் வார வரும்படி காக்கையைக் கூப்பிடுவார். பிள்ளை காக்கையைத் தேடும் நேரத்தில் சீப்பு தன் வேலையை முடித்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த இந்தப் பாட்டுகள் திவ்யப் பிரபந்தத்தின் பகுதியாகத் திருமலையிலும் ஓதப்படுகின்றன.

பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இந்த வரிசைக்கு மாதக் கணக்கே போட்டது. நூலுக்கு நூல் சற்று மாறினாலும் பரவலாக வழங்கும் கணக்கு இது: செங்கீரை ஐந்தாம் மாதம், தால் ஏழு, சப்பாணி ஒன்பது, முத்தம் பதினொன்று, வருகை பதின்மூன்று, அம்புலி பதினைந்து. செங்கீரை என்றால் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. கைகளை ஊன்றி மார்பைத் தூக்கும் வயது என்று இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் நாலிலிருந்து ஆறு மாதம்தான். வருகைப் பருவம் நடை பழகும் வயது. அம்புலிப் பருவத்தைப் பாருங்கள்: பதினைந்து மாதத்துக்குள் பிள்ளை வேண்டியதை விரலால் சுட்டிக் கேட்கத் தொடங்கியிருக்கும். சுட்டத் தெரிந்த பிள்ளைக்குச் சுட்டுவதற்கு நிலாவைவிடப் பெரிய பொருள் ஏது? புலவர்கள் வெறும் அலங்காரமாகப் பருவம் பிரித்தார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை. யாரோ பிள்ளைகளை உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள்.

நிலா விஷயத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பம். இரண்டிலும் அது மாமன். 1947-இல் தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா என்ற சிறுவர் இதழ்கள் சென்னையிலிருந்து சேர்ந்தே பிறந்தது நினைவிருக்கும். நிலாவைச் சந்தமாமா என்று சோறூட்ட அழைக்கும் பாட்டு, அன்னமய்யா என்றும் அழைக்கப்படும் அதே அன்னமாச்சாரியார் பெயரில் வழங்குகிறது. 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர் என்பது மரபு. அவருடைய பாடல்கள் பல நூற்றாண்டுகள் திருமலைக் கோயிலில் கல்லால் ஆன ஒரு சின்ன அறைக்குள் அடைந்து கிடந்தன. 1922-இல் வெளிவந்தபோது இருந்தவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகள், 12,000-க்கும் மேற்பட்ட பாடல்கள்.

நிலாப் பாட்டுக்கும் கைப்பேசிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டுமே சோறு உள்ளே போகப் பராக்குக் காட்டும் வழிதானே? இல்லை. பாடுகிறவர் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மென்றுகொண்டிருந்தால் பாட்டு நீளும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பாட்டு நிற்கும், கையும் நிற்கும். கைப்பேசி யாருக்காகவும் நிற்காது. இந்த எதிர்வினைக்கு எவ்வளவு சக்தி என்பதை ஆய்வாளர் பட்ரீஷியா குல் 2003-இல் காட்டினார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழி கேட்கவைத்தார். நேரில் ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்றபோது எதையும் கற்கவில்லை. குப்பம், சத்தியவேடு போன்ற இருமொழி ஊர்களில் வளரும் பிள்ளை, பக்கத்து வீட்டு அக்கா மடியிலிருந்து இரண்டாவது மொழியை எடுத்துக்கொள்வது இப்படித்தான்.

மடியில் இருக்கும்போது பிள்ளை எங்கே பார்க்கிறது? அமெரிக்காவின் மிரியம் லென்ஸ் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பாடிக்கொண்டிருக்கும் முகத்தை இரண்டு மாத, ஆறு மாதக் குழந்தைகள் பார்ப்பதைக் கருவி கொண்டு பின்தொடர்ந்தார்கள். தாளத்தின் அழுத்தம் விழும் கணத்தில் குழந்தையின் பார்வை பாடுகிறவரின் கண்களுக்குப் போனது. இரண்டு மாதத்திலேயே. பாடுகிறவரும் அதே கணத்தில் தன்னை அறியாமல் கண்களை அகல விரிக்கிறார். தாளத்தைக் கலைத்து ஓடவிட்டபோது இந்த ஒழுங்கு குலைந்தது. 'என்னைப் பார்' என்று சொல்லிப் புரியவைக்க முடியாத வயதில், எப்போது பார்க்க வேண்டும் என்பதைத் தாளம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டு கடிகாரமாகிறது. 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்பதற்கு மூன்று வயதில் அர்த்தமே கிடையாது. நிமிடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, அதன் முடிவும் கேட்காது. பாட்டின் முடிவு கேட்கும். மெட்டு இறங்கி ஆதார ஸ்ருதிக்கு வந்து சேருவதைக் காது முன்னாலேயே மோப்பம் பிடித்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் குறைந்தது 20 நொடி தேய்க்க வேண்டும் என்று கொரோனா காலத்தில் சொன்னபோது, உலகம் முழுக்கப் பிறந்தநாள் பாட்டை இரண்டு முறை பாடச் சொன்னார்கள். பெரியவர்களுக்கே கடிகாரத்தைவிடப் பாட்டு சௌகரியமாக இருந்தது.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் மையங்களில் இந்தக் கடிகாரம் முழு வேகத்தில் ஓடுவதைப் பார்க்கலாம். ஆந்திரப் பக்கம் 'அபிநய கேயாலு' என்பார்கள்: கை காலை அசைத்து நடித்துக்கொண்டே பாடும் பாட்டுகள். டீச்சர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாட்டைத் தொடங்குகிறார், அறையின் மூலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து வட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். மெக்மாஸ்டரில் 2014-இல் பார்த்தது இதற்குப் பக்கத்தில் வரும்: தன்னோடு ஒரே தாளத்தில் குதித்த பெரியவர் எதையாவது கீழே தவறவிட்டால், பதினான்கு மாதக் குழந்தைகள் அதை எடுத்துக்கொடுக்க அதிகம் முன்வந்தார்கள். தாளம் பொருந்தாமல் குதித்தவருக்கு அவ்வளவு உதவி கிடைக்கவில்லை.

எழுத்துக்கும் இங்கேதான் அஸ்திவாரம். தமிழ்ப் பிள்ளைப் பாட்டுகளில் எதுகை துள்ளும், அதாவது அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும். தெலுங்குச் செய்யுளில் பிராசம் என்பதும் இதே இரண்டாம் எழுத்துக் கட்டுதான். பல வட இந்திய, ஐரோப்பிய மரபுகள் அடியின் கடைசியில் ஓசை தேடும்போது, இந்த மண்ணின் காது சொல்லின் நடுவே போய்த் தட்டுகிறது. சொல்லை முழுதாக விழுங்காமல் அதன் துண்டுகளைக் கேட்கும் பழக்கம் வாசிப்புக்கு உதவும் என்பது இங்கிலாந்தில் 64 குழந்தைகளை மூன்று வயதிலிருந்து தொடர்ந்த ஓர் ஆய்வில் 1989-இல் தெரிந்தது: சிறு வயதில் பிள்ளைப் பாட்டுகள் அதிகம் தெரிந்தவர்கள், பின்னால் எழுத்துக்கூட்டி வாசிப்பதிலும் முன்னால் நின்றார்கள்.

வீட்டில் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் பழகிய பாட்டை எடுத்து, அடியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள். வாய் மூடியிருக்கட்டும், கை தாளம் போட்டுக்கொண்டே இருக்கட்டும். காலியாக விட்ட இடத்தைப் பிள்ளை நிரப்பும், பெரும்பாலும் மிகச் சரியான நேரத்தில். அடுத்த சுற்றில் வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிப் பாடுங்கள்: மாமா இருக்கும் இடத்தில் தாத்தாவைப் போடுங்கள். மூன்று வயதுக்காரர் சிரிப்பார். இரண்டு வயதுக்காரர் கோபித்துக்கொள்வார். இரண்டுக்கும் தயாராக இருங்கள். திருத்தியபின் முதலிலிருந்து பாடச் சொல்வார்கள், நடுவிலிருந்து தொடங்க விடமாட்டார்கள்.